மாமனார் பேர் வெட்டிய கேரியர்

மும்பை ஹார்பர் லைன் ரயிலில் எதிர் இருக்கைப் பெண் கணவனிடம், "புளி போட்டுத் தேச்சாலுமா போவாது?" என்று கேட்டபோதுதான் நான் செய்தித்தாளை மடித்தேன்.

எங்கோ மூடிக் கிடக்கும் பழைய அணு ஆராய்ச்சிக் கூடத்தைச் சர்க்கார் சுத்தம் செய்கிறது. அங்கே மண் அள்ளப் போன கணவர், சொன்ன பேச்சைக் கேட்காமல் டிபன் கேரியரை உள்ளே கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டாராம்.

"கதிரியக்கம் பாக்குற மிசினு கத்திட்டு. டிரம்முல போட்டு சிமிண்ட ஊத்திட்டானுவ."

"எங்கப்பா பேரு வெட்டி, சீரா குடுத்த கேரியரு அது! கழுவித் தாங்கன்னு கேக்க வேண்டியதுதான?"

"கழுவுன தண்ணியயும் டிரம்முலதான் அடைக்கணுமாம்."

"எப்பத்தான் தருவானுவ?"

"முந்நூறு வருஷம் ஆவுமாம்."

"அப்ப ஒங்கள மட்டும் எப்படி வெளிய விட்டானுவ?"

"குளிக்கச் சொன்னானுவ. பெறவு மிசினு கத்தல."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். குர்லா வந்ததும் மொபைலை எடுத்தாள்.

"எப்பா, ஒங்க பேரு இன்னும் முந்நூறு வருஷத்துக்கு அழியாதாம். சர்க்காரே சிமிண்டு போட்டு வச்சிருக்கு. ஆமா, எல்லாம் ஒங்க மருமவன் ஏற்பாடுதான்."