கைப்பற்றிய அட்டையின் பின்பக்கம்

பெயர்: மேலே உள்ள கட்டத்தில் என் கையால் எழுதியிருக்கிறேன். வயது: எழுபத்தொன்று. தொழில்: பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் லிஃப்ட் இயக்கினேன், இப்போது ஓய்வு. முகவரி: நூலகத்துக்குப் பின் தெரு, மூலை வீடு, இரண்டாவது மாடி. உடன் வசிப்பவர்: என் மருமகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். என் மகன் கப்பலில் வேலை செய்கிறான்.

நான் சொல்லச் சொல்லத் தாம் எழுதிக்கொள்வதாக இந்தக் காவல் நிலையத்து ஏட்டு ஐயா சொன்னார். நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். "விடிஞ்சிரும் பெரியவரே" என்றார். நான் எழுதப் படிக்கத் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் லிஃப்ட் பொத்தானில் உள்ள எண்கள் மட்டுமே தெரியும். மாலை நான்கரை மணிக்கு எழுதத் தொடங்கினேன். மருமகள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் திருட்டு வழக்கு பதிவானால் நாளைக் காலை கண்ணாடிக் கடையில் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நானும் மருமகளும் மருந்துக்கடை மாடியில் உள்ள அட்டை விளையாட்டுக் கடைக்குப் போனோம். அரசர்களும் மிருகங்களும் மோதும் அட்டை ஆட்டத்தில் புது வரிசை இன்று வெளியானது. அதற்காகப் போட்டி வைத்திருந்தார்கள். மருமகள் ஆறு ஆண்டுகளாக ஆடுபவள். வீட்டில் அவளுடன் நானும் ஆடுவேன். அவள் அட்டையைப் படித்துச் சொல்வாள், நான் போடுவேன். ஆட்டம் முடிந்தால் எல்லா அட்டையும் அவளுடைய ஒரே டப்பாவுக்குள் போகும். யாருடையது எது என்ற பேச்சு வந்ததில்லை. முந்தைய வரிசைகள் எல்லாம் வேறு மொழியில் இருந்தன. இதுதான் முதல்முதலாக நம் எழுத்தில் அச்சானது. அதனால் என்னையும் சேர்த்துவிடு என்று மருமகளிடம் சொன்னேன்.

அதன் பிறகு ஆட வந்திருந்த இருபது பேருக்கும் ஆளுக்கு ஆறு அட்டைப் பொட்டலம், ஒரு பட்டியல் தாள், நாற்பது உறைகள் கொடுத்தார்கள். பொட்டலங்களைப் பிரித்து, நாற்பது அட்டைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஓர் உறையில் போட்டு ஆட வேண்டும். உறையின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும். பின்பக்கம் கறுப்பு, உள்ளே இருப்பது தெரியாது. கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று, "ஒவ்வொரு கார்டுக்கும் பேர் எழுதிட்டுத்தான் உறையில போடணும், சொல்லிட்டேன்" என்றார். அட்டையின் பெயரைத் தாளில் எழுத வேண்டும் என்பது அவர் சொன்னதன் பொருள். இது எனக்கு இந்த நிலையத்துக்கு வந்த பிறகுதான் தெரியும். என் பெயரை அட்டையில் எழுத வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். நாற்பது அட்டைகளின் பின்னாலும் எழுதினேன். ஒரே நாளில் என் பெயரை அத்தனை முறை நான் எழுதியதில்லை.

என் பெயரில் ஆறு எழுத்துகள். கடைசி எழுத்துக்குப் புள்ளி உண்டு. வேகமாக எழுதும்போது அந்தப் புள்ளியை விட்டுவிடுவேன். இதற்காக முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் என் நோட்டில் பதினோரு முறை சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

என் பக்கத்தில் ஆட உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரர், "என்ன பெரியவரே, பரீட்சையா? மறைச்சு மறைச்சு எழுதுறீங்க" என்றார். என் எழுத்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும் என்பதால் கையால் மறைத்திருந்தேன். என் தாள் காலியாக இருந்ததைக் கடைக்காரர் பார்த்தார். முதல் தடவை என்பதால் விட்டுவிட்டார்.

அதன் பிறகு முதல் ஆட்டத்தில் ஒரு பஸ் டிரைவரிடம் தோற்றேன். நான் ஒவ்வொரு அட்டையையும் கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்ததில் நேரம் போய்விட்டது. "ஒரு ஸ்டாப்பிங் விடாம நிக்கிறீங்களே" என்று அவர் சிரித்தார்.

அதன் பிறகு இரண்டாவது ஆட்டத்தில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஃபிரிட்ஜ் மெக்கானிக் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தக் கடையில் வழக்கமாக ஜெயிப்பவர் அவர். அவரிடம் பொன் விளிம்பு போட்ட 'ஏழு நிழல்களின் அரசி' இருந்தது. இருபது பேரில் அவருக்கு மட்டுமே அந்த அட்டை வந்திருந்தது. அவர் அதை மேசையில் வைத்ததும் நான் என் கையிலிருந்த ஓர் அட்டையைப் படிக்கத் தொடங்கினேன். "படிங்க படிங்க, நான் சாப்பிட்டுட்டே வந்துடறேன்" என்றார். என் அட்டையின் பெயர் 'கைப்பற்று'. நடுவில் ப் வரும் என்பதைப் போன வாரம்தான் டீச்சர் சொல்லித் தந்திருந்தார். கீழே, "எதிராளியின் ஓர் அட்டையைத் தேர்ந்தெடு. அது இனி உன்னுடையது" என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். நெட்டையும் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகக் குனிந்து ஒரு முறை படித்தார். அரசியை என் பக்கம் எடுத்து வைத்தேன். அவருடைய அரசியைக் கொண்டே அவரை ஜெயித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "எடுத்துக்கங்க பெரியவரே, இன்னைக்கு உங்க நாள்" என்றார். மற்ற அட்டைகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடு என்று அட்டையில் எழுதியிருக்கவில்லை. அவரும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆகவே அரசி எனக்கே சொந்தம் என்று நினைத்தேன். எனக்குச் சொந்தமானால் பெயர் எழுத வேண்டும். உறையிலிருந்து வெளியே எடுத்துப் பின்னால் எழுதினேன். மறுபடி உறையில் போட்டேன். அது நாற்பத்தோராவது முறை.

அதன் பிறகு, மருமகள் கை கழுவப் போன நேரத்தில், அந்த அட்டையை அவளுடைய தகர டப்பாவில் மற்ற அட்டைகளுக்கு அடியில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் திறக்கும்போது பார்க்கட்டும் என்று நினைத்தேன். காலையில் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அரசியின் படத்துக்கு முன்னால் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பதினான்கு மாதங்களாக வேலை முடிந்து வந்ததும் விரலில் லென்ஸ் தூள் போகாமலே என் வீட்டுப்பாடத்தைத் திருத்துகிறாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு ஒரு வெற்றி போதும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தேன். 'சாவி செய்து தரப்படும்', 'மாடி வாடகைக்கு', 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' ஆகியவற்றைப் படித்தேன். 'நாய்கள் ஜாக்கிரதை' என்பதைப் படித்து முடிப்பதற்குள் நாய் வந்துவிட்டது. மூன்று மணிக்குக் கடைக்குத் திரும்பினேன். மருமகளை நிலையத்துக்குக் கூட்டிப் போய்விட்டதாகப் பேக்கரிக்காரர் சொன்னார்.

நான் இல்லாதபோது நடந்தது, கேட்டுத் தெரிந்துகொண்டது: சாப்பாட்டுக்குப் பிறகு நெட்டை எண்ணிப் பார்த்ததில் அவருடைய அட்டைகள் முப்பத்தொன்பதுதான் இருந்தன. எல்லோருடைய டப்பாவையும் திறக்கச் சொன்னார். அரசி என் மருமகள் டப்பாவில் இருந்தாள். தான் எடுக்கவில்லை என்று மருமகள் சொன்னாள். "அப்ப கார்டு தானா நடந்து வந்து படுத்துக்கிச்சா?" என்று அவர் கேட்டார். கைரேகை அழிந்துவிடும் என்று யாரையும் அதைத் தொட விடவில்லை. உறையோடு அப்படியே கவரில் போட்டு ஒட்டி இங்கே கொடுத்திருக்கிறார்.

நான் வந்து சொன்னபோது, "ஜெயிப்பைத்தான் எடுத்துக்கச் சொன்னேன், கார்டை நான் அள்ளிப் பையில போட்டுட்டேன். மருமகளைக் காப்பாத்தக் கதை விடுறாரு" என்று நெட்டை சொன்னார். ஆகவே கவரைத் திறந்து, உறையை நீக்கி, பின்பக்கத்தைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கே என் பெயர் இருக்கும். கடைசி எழுத்துக்குப் புள்ளி இருக்காது. மருமகள் எழுதியிருந்தால் இருக்கும். அவள் புள்ளி விடுபவள் அல்ல.

இதுவரை எழுதியதும் சப் இன்ஸ்பெக்டர் ஐயா வாங்கிப் படித்தார். அதன் பிறகு எல்லோர் முன்னிலையிலும் கவரைத் திறந்தார். அட்டையைத் திருப்பிப் பின்னால் இருந்ததை உரக்கப் படித்தார். புள்ளி இல்லாததால் என் பெயரைக் கடைசியில் நீட்டிப் படித்தார். ஏட்டு ஐயா சிரித்தார். நெட்டை அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். அது கெட்டுப்போனதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதிலுக்கு என் 'கைப்பற்று' அட்டையைக் கொடுத்தேன். அதன் பின்னாலும் என் பெயர் இருக்கிறது. "அதை நீங்களே வச்சுக்கங்க சாமி, உங்களோட இனி ஆடவே மாட்டேன்" என்று சொல்லிப் புகாரைத் திரும்பப் பெறக் கையெழுத்துப் போட்டார்.

மருமகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அட்டையைப் பார்த்து, "மாமா, புள்ளி எங்க?" என்றாள்.

இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் நான் எழுதியது, நடந்தது நடந்தபடி. இதை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மாலை ஆறு நாற்பது. கீழே என் கையெழுத்து, புள்ளியுடன்.