மின்னல்களின் மூன்று நிமிடம்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு எவ்வளவு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்புக்குரிய டொக்டர் றஷ்மி அம்மையார் அவர்களே, வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியோர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் கிராண்ட்பாஸிலிருந்தும் இரண்டு பஸ் மாறி, காலி வீதி நெரிசலில் நின்றபடியே வந்து சேர்ந்த தாய்மாரே, மருதானையில் கடை வைத்திருந்த, இன்று ஒரு தகரப்பெட்டியை மடியில் ஏந்தி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரர் பாஹிம் அவர்களே, உங்கள் ஒவ்வொருவரின் முன்னும் இந்த இரத்தினசிங்கம் கைகூப்பி நிற்கிறான்.

என்ன சொல்றியள்? பின்னுக்குக் கேக்கேல்லையா? தம்பி, அந்தக் கரைக் காற்றாடியை ஒருக்கா நிப்பாட்டுங்கோ. ஓம், இப்ப சரி.

அன்பர்களே, நாற்பது ஆண்டுகளாக மேடையில் முழங்கியவன் நான். சங்கத்தை முழங்கினேன், சமயத்தை முழங்கினேன், சளைக்காமல் முழங்கினேன். இன்று முழங்க வரவில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். அதன்பின் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டு. தொலைக்காட்சி நம் நாட்டை எட்டிப் பார்க்கப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் இருந்த காலம். கொட்டாஞ்சேனையில் நான்கு இளைஞர் சேர்ந்து ஒரு பொப் இசைக் குழுவைத் தொடங்கினார்கள். பெயர் மின்னல்கள். மூவர் கையில் கிற்றார், ஒருவர் முன்னால் ட்ரம். பைலா ஆட்டப்பாட்டின் துள்ளலில் தமிழைப் பாடினார்கள். கார்னிவல் என்றால் மின்னல்கள், கல்யாணம் என்றால் மின்னல்கள். மூன்றே ஆண்டுகள். இசைத்தட்டு எதுவும் வெளிவரவில்லை. அவரவர் வேலைக்குப் போனார்கள், குழு கலைந்தது.

அந்த நால்வரில் ஒருவர் யோகராஜ். பின்னாளில் துறைமுகத்தில் வேலை பார்த்தார், மயிலம்மாவை மணந்தார், ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஆறு மாதம். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், இனக்கலவரம். காலையில் வேலைக்குப் போன யோகராஜ் திரும்பி வரவில்லை. மாலையில் வீடும் எரிந்தது. கல்யாணப் படம் எரிந்தது, காகிதங்கள் எரிந்தன, அந்த மனிதரின் முகம் பதிந்திருந்த அத்தனையும் எரிந்தன. மலையகத்தில் இருந்த அவருடைய உறவினரோ அதற்கு முன்பே இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

அந்தக் குழந்தைதான் கௌரி. இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். கிராண்ட்பாஸில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாற்பத்து மூன்று வயதில், தன் தகப்பனின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடியில் தேடலாம் என்றால் அவள் தாயை உரித்து வைத்த பிள்ளை.

பழைய பாட்டும் படமும் தேடிச் சேர்க்கும் குழு ஒன்று என்னிடம் உண்டென்று கேள்விப்பட்டு, கௌரி என்னிடம் வந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன். தாயையும் அழைத்து வந்தாள். மயிலம்மா சொன்னார்:

“அவரு ஒருதடவ சொன்னாருங்க ஐயா. கார்னிவல்ல பாடுறப்ப மருதானைக் கடைக்காரர் ஒருத்தரு மேடைக்கு முன்னால நின்னு படம் புடிச்சாராம். அது எங்கயாச்சும் இருக்குமுங்களா?”

தேடினோம். பழைய ஒலிபரப்பாளர் வீடுகளில் தேடினோம், பாழடைந்த படக்கொட்டகைகளில் தேடினோம், கல்கிசையில் ஒருவர் தன் கட்டிலுக்கடியில் சுருள் இருக்கிறது என்றார், ஓடினோம். இருந்தது, அவருடைய மகனின் முதலாம் பிறந்தநாள். சிரிக்கிறீர்கள். நாங்களும் சிரித்தோம். அப்போது சிரிக்க நேரம் இருந்தது.

இறுதியில் மருதானையில் பாஹிம் அவர்களின் கடையைக் கண்டோம். அவருடைய வாப்பா ப்ரொஜெக்டர் வாடகைக்கு விட்டவர், கமராவும் வைத்திருந்தவர். அவர் காலமாகிவிட்டார். பரணில் அறுபது தகரப்பெட்டிகள். பழைய சுருள் தொட்டால் முறியும். ஒன்றைப் பிரித்துப் பார்க்க அரைநாள் ஆகும். ஆகவே பெயரொட்டிகளைப் பார்த்துப் பிரித்தேன். பெயரில்லாதவை ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். அவற்றைத் திறந்தோம். மின்னல்கள் இல்லை. மிச்சம் நாற்பத்தொன்று. அத்தனையும் சிங்களம். ஒன்றை நானே கையில் எடுத்தேன். ‘மகுல் கெதர, கம்பஹ, 1974.’ கம்பஹாவில் யாருடையதோ கல்யாண வீடு.

“இது எங்கட சாமான் இல்லை, பாஹிம். மேல வையுங்கோ” என்றேன்.

அவர் மேலே வைத்தார்.

அதன்பிறகு மயிலம்மா வெள்ளிக்கிழமை தோறும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். கோயிலுக்குப் போய்விட்டு எடுப்பார். “படம் கெடச்சிச்சுங்களா ஐயா?” அவ்வளவுதான் கேள்வி. “தேடுறம் அம்மா” என்பேன். இரண்டு ஆண்டுகள் கேட்டார். மூன்றாம் ஆண்டு கௌரி எடுத்தாள், அம்மா போய்விட்டார் என்று சொல்ல.

அவையோரே, சென்ற ஆண்டு கடையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பெட்டிகளை கிராண்ட்பாஸ் வீட்டுக்குக் கொண்டுபோன பாஹிம் என்னை அழைத்தார். “உம்மா ஏதோ சொல்றாங்க, வந்து கேளுங்க” என்றார். எண்பத்தாறு வயதான அவருடைய தாயார் ஸமீமா அம்மையார் சுவரோடு சாய்ந்திருந்தார். இந்தப் பெட்டிகள் ஏன் இன்னும் மூடிக் கிடக்கின்றன என்று கேட்டார். “இதெல்லாம் சிங்கள ஆட்களின் படம், தாயே” என்றேன்.

“ஆரு சொன்ன?” என்றார். “ஒங்கட ஆக்கள்ட படமும் இதுக்குள்ள ஈக்கிது. அந்தக் கலவரத்துல, கடைல தமிழ்ப் பேர் ஒண்டும் ஈக்கப்படாதெண்டு எங்கட ஊட்டாள், இவன்ட வாப்பா, சொன்ன. தமிழ்ப் பேர் ஒட்டின பெட்டியெல்லாத்தையும் ஊட்டுக்குக் கொணாந்து, கோதுமை மாப் பசை காச்சி நான்தான் சிங்களப் பேர் ஒட்டின. படம் நான் பாக்கல்ல. பேர் மட்டும்தான் மாத்தின.”

நான் அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணிப் பாருங்கள், பெரியோர்களே. தமிழ் வாடிக்கையாளர் நிறைந்த கடை. அறுபது பெட்டிகள். ஒரு பெட்டியில்கூடத் தமிழ் எழுத்து இல்லை. அது ஏன் என்று நான் கேட்டேனா? அந்த இல்லாமையே ஒரு சாட்சியம் என்று என் மூளைக்கு எட்டியதா?

வேறொருவனுக்கு எட்டாமல் போகலாம். எனக்கு எப்படி எட்டாமல் போயிற்று? அதே ஆடியில், இதே வெள்ளவத்தையில், ‘இரத்தினசிங்கம்’ என்று என் கேற்றில் இருந்த பெயர்ப்பலகையைத் திருப்புளி கொண்டு கழற்றியவன் யார்? நான். என் மனைவியின் நெற்றிப் பொட்டை அழிக்கச் சொன்னவன் யார்? நான். பஸ்ஸில் பிள்ளைகளிடம் “வாய் திறக்காதேங்கோ” என்று கெஞ்சியவன் யார்? நானேதான். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கழற்றினீர்கள்? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். பெயரை மறைத்துத்தான் உயிரைக் காத்தோம். மறைத்தவர்கள் நாம், மறந்தவர்களும் நாம். நமக்காக இன்னொரு வீட்டுத் தாயும் அதையே செய்திருப்பாள் என்று நினைக்க நமக்குத் தோன்றவில்லை. அவள் அடுப்பில் பசை காய்ச்சிக் காத்ததை, “எங்கட சாமான் இல்லை” என்று தள்ளிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையால் மயிலம்மா தன் கணவரைக் காணாமலே கண்மூடினார். இதற்கு எந்த மேடையில் நான் மன்னிப்புக் கேட்பது?

என்ன அம்மா? அழாதேங்கோ. நான் முடிச்சிடுறன்.

கம்பஹா கல்யாண வீட்டைத் திறந்தோம். உள்ளே கல்யாணம் இல்லை. கொட்டாஞ்சேனைக் கார்னிவல் இருந்தது. நூறு அடிச் சுருள், ஓடும் நேரம் மூன்று நிமிடம்கூட இல்லை, ஒலி கிடையாது. ட்ரம்மில் ‘மின்னல்கள்’ என்று தமிழில் எழுதியிருக்கிறது. நான்கு இளைஞர்கள் பாடுகிறார்கள்.

ட்ரம் வாசிப்பவர் யாரென்று அறிந்தோம். கனடாவில் காலமானவர், படத்தை அனுப்பினோம், அவருடைய மனைவி உறுதிப்படுத்தினார். மற்ற மூவரையும் அந்த அம்மையாருக்குத் தெரியாது. அந்த மூவரில் ஒருவர் யோகராஜ். மற்ற இருவரின் வீட்டாரை இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூவர் கையிலும் கிற்றார். மூவருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே தலைவாரல். மூவரும் மாறி மாறி மைக் முன்னால் வருகிறார்கள். இவர்தான் என்று விரல் நீட்டக்கூடிய ஒரே பெண், என் பிழையால், இன்று இல்லை.

கௌரிக்குப் போட்டுக் காட்டினேன். பதினொரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“மூணு பேரையும் அப்பான்னே நெனச்சுப் பாக்கிறேன் ஐயா. மூணு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா ஒருத்தரப் பாத்து அழணும் போல இருக்கு.”

அதற்காகத்தான் இந்தக் கூட்டம், அன்பர்களே. மாலைக்காக அல்ல, மகுடத்துக்காக அல்ல, மலரும் நினைவுகளுக்காக அல்ல. அறுபத்தெட்டில் கொட்டாஞ்சேனையில் வாழ்ந்தவர்களைத் தேடித் தேடி, தெருத் தெருவாய் அழைப்பிதழ் கொடுத்தோம். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்களும் இங்கே இருக்கக்கூடும். இன்னும் சிறிது நேரத்தில் விளக்கை அணைப்போம். படம் மூன்று முறை ஓடும். தயவுசெய்து பாருங்கள்.

ஒரேயொரு வேண்டுகோள். இரக்கப்பட்டு ஊகித்துச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை ஆறுதல்படுத்த வேண்டுமென்று ஒரு முகத்தைக் காட்டாதீர்கள். நான் பார்க்காமலே ‘இல்லை’ என்று சொன்னேன். நீங்கள் தெரியாமலே ‘ஓம்’ என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டும் ஒரே பாவம்.

தலைவர் அவர்களுக்கும், பெட்டியைக் காத்த ஸமீமா அம்மையாருக்கும், தூசி குடித்துத் தேடிய தோழர்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோருக்கும் வணக்கம். கடைசியாக ஒன்று மட்டும் சொல்லி அமர்கிறேன்.

விளக்கு எரிந்த பிறகு, யோகராஜை உண்மையாகவே அறிந்தவர் எவராவது இந்த மண்டபத்தில் இருந்தால், மேடைக்கு வர வேண்டாம், ஒலிவாங்கி வேண்டாம், எனக்கும் சொல்ல வேண்டாம். மூன்றாம் வரிசைக்குப் போங்கள். சுருளிலிருந்து எடுத்த மூன்று முகங்களின் படமும் அங்கே கௌரியின் கையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, உன் அப்பா இவர்தான் என்று அவளுக்கு மட்டும் காட்டுங்கள்.