ஒன்பது எண் கீழே

“சர்க்கரையெல்லாம் சரியா இருக்கு தம்பி, நீங்க விஷயத்துக்கு வாங்க” என்கிறீர்கள். வருகிறேன், மாஸ்டர். டீ ஆறிவிட்டால் நன்றாக இருக்காது, அதனால்தான் கேட்டேன்.

மேஜைமேல் நீங்கள் வைத்திருப்பது அக்காவின் ட்யூனர்தான். கிட்டாரின் தலையில் மாட்டிக் கம்பியைத் தட்டினால், சுருதி சேர்ந்ததும் பச்சை விளக்கு எரியும். அதன் முதுகில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் நானூற்று நாற்பது என்ற எண் ஒவ்வொன்றாக இறங்கும். எது சரியான சுருதி என்று அந்தக் கருவி நினைக்கிறதோ, அதுவும் கூடவே இறங்கிவிடும். பச்சை மட்டும் வழக்கம்போல எரியும். புதிதாகக் கற்பவர்கள் பச்சையைத்தான் பார்ப்பார்கள். நான் கடிகாரம் பழுதுபார்க்கிறவன், எனக்கு எண்தான் கண்ணில் படும்.

வாரத்துக்கு ஒரு எண், ஒன்பது வாரம். நான் அவசரப்படவில்லை.

என் அக்காவை உங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் தெரியும். அம்மா போனபோது எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள், என்னையும் வளர்த்தாள். இருபது வருஷமாக இரவுச் சாப்பாட்டின்போது நான் அன்றைய கதையைச் சொல்வேன், அவள் ‘ம்’ கொட்டுவாள். எந்த இடத்தில் ‘ம்’, எந்த இடத்தில் ‘ம்ம்ம்’ என்பது அவளுக்கு அத்துப்படி.

பிறகு உங்கள் வகுப்பில் சேர்ந்தாள். இடது கை நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு முதல் நாள் வந்து நின்றாள். “டேய், விரல் நுனியெல்லாம் எரியுதுடா. என்ன சுகமா இருக்கு தெரியுமா?” என்றாள். முப்பத்தொன்பது வயதுப் பெண் பேசுகிற பேச்சா அது?

ஒரு நாள், கடிகாரத்துக்குள் எறும்பு மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பத்து வருஷத் தொழிலில் ஒரே ஒருமுறை கிடைத்த கதை. பாதியில் கையைத் தூக்கினாள். “ஒரு நிமிஷம் வாயை மூடுடா. நாலாவது கம்பி ஏன் கறகறங்குதுன்னு இப்பத்தான் புரியுது.” எழுந்து போய்விட்டாள். அந்த எறும்பு என்ன ஆயிற்று என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, மாஸ்டர். கேட்கவும் இல்லை.

மறுநாள் அவள் டியூட்டிக்குக் கிளம்பியதும்தான் பொத்தானை அமுக்கினேன்.

இதில் உங்கள் பங்கும் கொஞ்சம் உண்டு. அவரவர் கிட்டாரை அவரவரே வீட்டில் சுருதி சேர்த்துக்கொண்டு வர வேண்டும், வகுப்புக்குள் யாரும் திருகைத் தொடக்கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. எட்டுப் பேர் ஒரே அறையில் முறுக்கினால் பைத்தியம் பிடிக்கும் என்றீர்களாம். நியாயம்தான். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஆறு கம்பிகளும் ஒரே அளவு இறங்கியதால், தனியாக வாசித்தால் தேனாக இருந்தது. மற்ற ஏழு பேரோடு சேர்ந்தால் காது கூசியது. நீங்களும் பலமுறை சோதித்துவிட்டு ஒரு நாள் சொன்னீர்கள், “தனியா அருமையா வாசிக்கறீங்கம்மா. நாலு பேரோட சேர்ந்தாத்தான் கெடுத்துடறீங்க.”

கல்யாணம் ஆகாதவளிடம் சொல்கிற வாக்கியமா அது? நீங்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அக்கா அதைக் கிட்டாரைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். “சரியாத்தான்டா சொல்றார். நான் யாரோடயும் சேர மாட்டேன் போல” என்றாள். நூலகத்து மாடியில் நீங்கள் நடத்தப்போகிற நிகழ்ச்சிக்கு ஆஸ்பத்திரியில் பாதிப் பேரை அழைத்துவைத்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, வர வேண்டாம் என்றாள்.

நான்தான் ஆறுதல் சொன்னேன். “விடுக்கா, எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?” அன்று இரண்டு மணி நேரம் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ‘ம்’ எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கொட்டினாலும் ஒன்றுகூடத் தப்பவில்லை. இவளுக்குத் துணையாக நானாவது இருக்கிறேனே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வகுப்பிலிருந்து நின்றதும் நின்றாள், ட்யூனரை அங்கே பக்கத்து நாற்காலியில் வாசிக்கிற பேக்கரிக்காரருக்குக் கொடுத்துவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுவாரமே அவரும் கெட்டுப்போய், உங்களுக்குச் சந்தேகம் வந்து, இப்போது என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பேக்கரிக்காரர்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. அவருடைய பன் எனக்குப் பிடிக்கும்.

என் இடது கையையே பார்க்கிறீர்கள். ஆமாம், காய்த்துத்தான் போயிருக்கிறது. எண்ணை இறக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் முதலில் கிட்டாரை எடுத்தேன். அப்புறம் அவள் டியூட்டியில் இருக்கும்போதெல்லாம் எடுத்தேன். நான் வாசிக்கும்போது மட்டும் நானூற்று நாற்பதுக்கு ஏற்றிக்கொள்வேன். சுருதி விஷயத்தில் நான் கறார். முடித்ததும் மறுபடி இறக்கிவைத்துவிடுவேன். அடுத்தவர் பொருளை எடுத்தால், எடுத்த மாதிரியே வைக்க வேண்டும் என்று அக்காதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

படியில் சத்தம் கேட்கிறது, அவள்தான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் உங்களிடம் ஏழு பேர்தான். எனக்கு எல்லாப் பாட்டும் பாடம். அவளிடம் நீங்கள் எதையும் சொல்ல வேண்டாம், பாவம், இப்போதுதான் மனம் தேறி வருகிறது. முன்வரிசையில் அவளுக்கு ஓர் இடம் போட்டுவிடுங்கள், நான் வாசித்தால் அவள் கேட்பாள். அந்த எட்டாவது நாற்காலியை எனக்குத் தருவீர்களா, மாஸ்டர்?