மாதோவின் கல்

— பூட்ஸைக் கழட்டுங்க அண்ணி. நான் உங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போகப் போறதில்ல.

— கழட்டமாட்டேன். ப்ளீச்சிங் தண்ணியில ரெண்டு காலையும் முக்கி எடுத்தாச்சு. முகமூடி கட்டியாச்சு. காய்ச்சல் இருக்கான்னு பாரு, நோட்டுல எழுது, கெளம்பு.

— அது கெயி அண்ணனோட பூட்ஸ். உங்க காலுக்கு நாலு விரக்கடை பெருசு.

— முன்னாடி துணி திணிச்சிருக்கேன். இருபத்திரெண்டு வருஷம் நான் கழுவிக் கவுத்து வச்ச பூட்ஸ், ஃபிர்மேன். அதோட அளவை நீ எனக்குச் சொல்லித் தரியா?

— அதுக்குள்ள நீங்க வெளிய வரலாமா?

— அவர் செத்து ஆறு வாரம் முடிஞ்சுது. நேத்துதான் தலையை மழிச்சு, ஆத்துல முக்கி, போடீன்னு விட்டாங்க. அந்த ஆறு வாரத்துல ஊர்ல இருக்குற நாய்கூட வாசல்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. நீ வரல.

— வேலை அண்ணி. சத்தியமா.

— என்ன வேலை? கண்ணு எனக்கு அவிஞ்சா போச்சு? ஆறு கூடாரத்துல அஞ்சு மடிச்சுக் கெடக்கு. அடுப்புல சாம்பல் ஒரு வாரத்துச் சாம்பல்.

— ஒரு கூடாரத்துல ஆள் இருக்காங்க. ஒரு பொண்ணும் பையனும். ரெண்டு பேரும் ஆத்துல குளிக்கப் போயிருக்காங்க.

— அவங்களை எத்தனை மணிக்குக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனே?

— போகல. சிம்பன்சிக் கூட்டம் ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு, இப்ப பாக்க முடியாதுன்னு சொல்லி அரை விலைக்குத் தங்க வச்சிருக்கேன். இருவாச்சியைக் காட்டினேன். குள்ள நீர்யானையோட காலடியைக் காட்டினேன். சந்தோஷமாத்தான் இருக்காங்க.

— என்ன சாப்பிடக் குடுத்தே?

— சார்டின் டப்பா. மரவள்ளிக்கிழங்கு அத்தியேக்கே.

— அத்தியேக்கே நீ பண்ணினியா?

— கடையில வாங்கினேன்.

— அட பாவி. கடையில வாங்கின அத்தியேக்கே மண்ணு மாதிரி இருக்குமே. அவர் இருந்திருந்தா உன்னை அடுப்புக்கு முன்னால உக்கார வச்சிருப்பாரு.

— அவர் இருந்திருந்தா நீங்க சமைச்சிருப்பீங்க அண்ணி.

— ம். சரி விடு. நான் சமையக்காரி, எனக்கு என்ன தெரியும்? காய்ச்சல் பாரு.

— அண்ணி, கேளுங்க. நாளைக்கு இந்த ரெண்டு பேரையும் வேன்ல ஏத்திவிட்டுட்டு கூடாரத்தை மூட்டை கட்டப் போறேன். மொத்தமா. ஊர்ப் பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். காட்டோரத்து நிலத்தை அவர் கொக்கோ போடுறவங்களுக்குக் குடுத்துடுவாரு. நானும் அவங்ககிட்டயே கூலிக்குப் போறேன்.

— காட்டோரம்னா? எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கே, அந்தக் கொட்டை காய்க்கிற கூலா மரமெல்லாமா?

— ஆமா. எல்லாத்தையும் வெட்டுவாங்க.

— அப்படின்னா இன்னைக்கே போகணும். எந்திரி.

— அங்க என்ன இருக்கு அண்ணி, போறதுக்கு?

— நீ சொல்லு. என்ன இருக்கு? படுக்கையில கெடந்த மனுஷன்கிட்ட தினமும் சாயந்திரம் வந்து சொன்னியே. கதவோரம் குந்திக்கிட்டு, தொப்பியை முட்டியில மாட்டிக்கிட்டு. "இன்னைக்கு மாதோ மூணு மரம் மாறினா அண்ணே. குட்டி வயித்தைக் கட்டிக்கிட்டே இருக்கு அண்ணே. சத்தியமா அண்ணே."

— அண்ணி.

— "பெரிய மகளுக்குக் கொட்டை உடைக்கச் சொல்லிக் குடுக்குறா அண்ணே. அவ கொட்டையை விட்டுட்டு வேரை அடிக்கிறா அண்ணே." அவர் சிரிப்பாரு. சிரிச்சா மூச்சு முட்டும். அப்பவும் சிரிப்பாரு. அந்த மாதோவை எனக்குக் காட்டு. அந்தக் குட்டியைக் காட்டு.

— காட்ட முடியாது.

— ஏன்?

— இல்ல அண்ணி. குட்டி இல்ல. கூட்டமே இல்ல. போதுமா? நான் சொன்னதெல்லாம் பொய்.

— ம்.

— அண்ணன் படுத்த மறுவாரமே ஆரம்பிச்சுது. முதல்ல அந்தக் கெழட்டு ஆண். மரத்தடியில உக்காந்தபடியே செத்துக் கெடந்துச்சு, மூக்குல சளி காஞ்சு. அப்புறம் ரெண்டு. அப்புறம் தினமும். காட்டுக்குள்ள இருமல் கேக்கும் அண்ணி. மனுஷன் இருமுற மாதிரியே. நின்னு திரும்பிப் பாப்பேன், யாரும் இருக்கமாட்டாங்க. மேல கூட்டுல படுத்துக்கிட்டு இருமும். பதினாலுல ஒன்பது உடம்பு கெடைச்சுது. குட்டியும் அதுல உண்டு. உள்ளங்கை அளவு முகம்.

— மாதோ?

— கெடைக்கல. அவ மகளும் கெடைக்கல. கெடைக்கலேன்னா என்ன, சிறுத்தை இழுத்துட்டுப் போயிருக்கும். ரெண்டு மாசமா ஒரு கூவல் இல்ல, ஒரு புதுக் கூடு இல்ல.

— அப்ப அந்தச் சத்தம்? விடிஞ்சதும் எங்க வீட்டுக்குப் பின்னால டொக் டொக்னு கேக்குமே. "மாதோ வந்துட்டா, ஜன்னலைத் திற"ம்பாரே?

— நான்தான்.

— ம்.

— உள்ள போயி, அவ எப்பவும் கொட்டை உடைக்கிற வேர்ல இருந்து அவளோட கல்லை எடுத்துட்டு வந்தேன். கையுறை போட்டுத்தான் எடுத்தேன், சத்தியமா. உங்க வீட்டுக்குப் பின்னால, காட்டு எல்லைன்னு சிவப்புக் கோடு போட்ட மரத்தைத் தாண்டி, முதல் கூலா மரம் இருக்குல்ல, அங்க உக்காந்து உடைச்சேன். விடிஞ்சதும் போவேன். அரைமணி நேரம். அப்புறம் சுத்திக்கிட்டு முன்பக்கமா வந்து, "கேட்டுதா அண்ணே"ம்பேன். முப்பத்தி நாலு வயசு ஆம்பள, குரங்கு மாதிரி குத்தவச்சு உக்காந்து கொட்டை உடைச்சேன். சிரிங்க.

— சிரிக்கல.

— ஆஸ்பத்திரில பதினோரு நாள் வச்சுப் பாத்துட்டு வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. போற மனுஷன்கிட்ட போயி, நீ பதினாறு வருஷம் பின்னாலயே நடந்து நடந்து பழக்கின கூட்டம் செத்துப்போச்சுன்னு எப்படி அண்ணி சொல்றது? எந்த வாயால சொல்றது?

— அவருக்குத் தெரியும், தம்பி.

— என்ன தெரியும்?

— முதல் நாளே தெரியும். சத்தம் கேட்டுது. கண்ணை மூடிக் கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல, நல்ல சத்தம்னு நெனச்சேன். அவர் மெதுவா சொன்னாரு: "கல்லு மாதோவோடது. கை ஃபிர்மேனோடது."

— அய்யோ.

— "மாதோ நாலு அடி அடிப்பா, நிறுத்துவா, பொறுக்கித் திம்பா. இவன் பாரு, கடன்காரன் கதவைத் தட்டுற மாதிரி நிறுத்தாம அடிக்கிறான்"னாரு. அப்புறம் நீ முன்பக்கமா வந்தே. தலையில கூலா ஓடு. அதைத் தட்டிவிடாமலே வந்து சத்தியம் பண்ணினே.

— தெரிஞ்சுமா தினமும் கேட்டாரு? "அப்புறம் என்ன பண்ணினா, அப்புறம் என்ன பண்ணினா"ன்னு?

— நீ சொல்லச் சொல்ல அதுங்க நடமாடுச்சு. நீ கெளம்பிப் போனதும் சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. "அவன் சொல்ற குட்டி நல்லா வளருது, ஒர்தான்ஸ்"னாரு ஒருநாள். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல.

— சொல்லியிருக்கலாமே அண்ணி, நீங்களாவது.

— சொன்னா நீ நிறுத்திடுவியே.

— எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டா படுத்திருந்தாரு.

— அழாத. முகமூடி நனைஞ்சா வேற மாத்தணும், விதி அது.

— அண்ணி, ஒண்ணு கேக்கணும். அது எப்படி வந்துச்சுன்னு அவருக்குத் தெரியுமா? அந்த நோவு?

— உனக்குத் தெரியுமா?

— வந்தவங்க யாரோ கொண்டு வந்தது. தூரத்துல இருந்து வர்றாங்க, விமானத்துல, வேன்ல, யார் எங்க என்னத்த ஒட்டிக்கிட்டு வர்றாங்களோ. யாரோ ஒருத்தர். சத்தியமா.

— நீ சத்தியம்னாலே அது பொய்யின்னு எனக்குத் தெரியும்.

— யாரோதான் அண்ணி.

— அந்த நோட்டைக் குடு. காலையில உள்ள போறவங்க பேரெழுதுற நோட்டு. டிசம்பர் மாசத்தைத் திருப்பு. மாதோ குட்டி போட்ட வாரம்.

— வேண்டாம்.

— எனக்குப் படிக்கத் தெரியும், ஃபிர்மேன். அவர் பேருக்கு நேரா என்ன எழுதியிருக்கே?

— "தூசி"ன்னு.

— ஏன்?

— தொண்டையைச் செருமினாரு. வடக்கேயிருந்து தூசிக்காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஊரே செருமிக்கிட்டு இருந்துச்சு. என்னண்ணேன்னு கேட்டேன். தூசிடான்னாரு. வேற யாரா இருந்தாலும் ஏழு நாள் வீட்டுல இருன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த விதியைப் போட்டதே அவர்தானே? விதி போட்டவரை எப்படித் திருப்பி அனுப்புறது? கேக்காத மாதிரி இருந்துட்டேன். எழுதிட்டேன். அவர் உள்ள போனாரு.

— இதைத்தான் ஆறு வாரமா சுமந்துக்கிட்டு என் வாசலுக்கு வராம இருந்தியா?

— உங்க முகத்தைப் பாத்தா சொல்லிடுவேன்னு பயம். உங்க புருஷன்தான் அதுங்களைக் கொன்னாருன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்வேன்? நிறுத்தியிருக்க வேண்டியவன் நான்தான்னு எப்படிச் சொல்வேன்?

— அது தூசி இல்ல. முந்தின நாள் ராத்திரியே அவருக்கு உடம்பு கொதிச்சுது. போகாதேன்னேன். "பதினாறு வருஷத்துல அவ இதுவரைக்கும் மூணு குட்டி போட்டா, மூணையும் பொறந்த அன்னைக்கே பாத்தேன், இதைப் பாக்காம ஏழு நாள் படுக்கவா"ன்னாரு. சின்னப் புள்ள மாதிரி கெஞ்சினாரு. எங்களுக்கோ புள்ள இல்ல. மனசு கேக்கல.

— நீங்க என்ன பண்ண முடியும்?

— பண்ணினேன். கசப்புக் கோலாக் கொட்டை நாலு எடுத்து அவர் சட்டைப் பையில போட்டேன். மென்னுக்கிட்டே இருந்தா இருமல் அடங்கும். ஃபிர்மேன்கிட்ட போறதுக்கு முன்னால ஒண்ணைக் கடிச்சுக்கோன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.

— அண்ணி...

— உன் நோட்டுல என் பேரையும் எழுதிக்கோ.

— அண்ணனுக்குக் கடைசிவரைக்கும், தன்கிட்ட இருந்துதான் ஒட்டிச்சுன்னு தெரிஞ்சுதானே இருந்துச்சு?

— தெரியாம? அந்த ஒன்பதையும் அவர் ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டுத்தான் படுத்திருந்தாரு. எத்தனைன்னு தெரியாமலே எண்ணினாரு.

— அதனாலதான் சொல்றேன். வேண்டாம் அண்ணி. மடிச்சுடுறேன். இந்தக் காட்டுக்கு நாம பண்ணினது போதும்.

— எனக்கும் அதேதான் நெனப்பு. ஆனா ஒரு நாள் மட்டும் கணக்குல இடிக்குது.

— எந்த நாள்?

— நீ கடைசியா எப்ப கொட்டை உடைச்சே?

— இப்ப எதுக்கு அது?

— சொல்லு. யோசிச்சுச் சொல்லு.

— புதன்கிழமை. அதுக்கப்புறம் அந்த மரத்துப் பக்கமே போகல.

— கல்லு?

— அங்கயே வேர் இடுக்குல வச்சுட்டு வந்தேன். எடுக்க மனசு வரல.

— வியாழக்கிழமை என்ன பண்ணினே?

— நீங்கதானே மாத்திரை வாங்க குயிக்லோ டவுனுக்கு அனுப்பினீங்க. பாலம் உடைஞ்சு வேன் நின்னுபோச்சு. சனிக்கிழமை மத்தியானம்தான் வந்தேன். வந்து பாத்தா வாசல் நெறைய ஜனம். மாத்திரைப் பொட்டலத்தைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். என்னண்ணி, இதெல்லாம் எதுக்கு?

— அவர் போனது வெள்ளிக்கிழமை காலையில. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல.

— தெரியும்.

— அன்னைக்கும் கேட்டுது.

— என்ன கேட்டுது?

— நாலு அடி. நிறுத்தம். நாலு அடி. நிறுத்தம். நானும் கேட்டேன், தம்பி. என் ரெண்டு காதாலயும் கேட்டேன். நடுநடுவுல இன்னொரு சத்தம், சின்னதா, கொட்டையில படாம வேர்ல படுற அடி. ஆறு வாரம் அந்த அறைக்குள்ள உக்காந்து, எப்படா வெளிய விடுவாங்க, எப்படா உன்னைப் பிடிப்பேன்னு இருந்தேன். வேற யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சனம் பாக்க ஓடும். ஓடினா இருமும். சிவப்புக் கோட்டை நானும் தாண்டல. ஒருதடவை விதியை ஏமாத்தினது போதும் எனக்கு.

— ஊர்ல யாராவது உடைச்சிருப்பாங்க அண்ணி. கொட்டைக் காலம்தானே?

— ஜன்னலைத் திறக்கச் சொன்னாரு. திறந்தேன். என் கையைப் பிடிச்சு, வாயில விரலை வச்சு, பேசாதேன்னாரு. ரொம்ப நேரம் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு. அதுதான் அவர் கடைசியாச் சொன்னது.

— என்ன சொன்னாரு?

— "கல்லு மாதோவோடது, ஒர்தான்ஸ். கையும் மாதோவோடது."