பதினொன்றாம் நம்பர் காற்றாடி

கை கழுவத் தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சோப்புதான் தேய்ந்து வில்லையாகியிருந்தது, அதில் யாருடைய முடியோ ஒட்டியிருந்தது, பரவாயில்லை. எனக்கு அசுத்தம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிறர் வாய் வைத்த டம்ளரில் நான் தண்ணீர் குடித்ததில்லை.

என் பெயர் சண்முகவேல். சிவகாசியில் அய்யாதுரை அண்ணாச்சியின் பட்டாசுக் கம்பெனியில் பதினான்கு வருடமாக பிட்டர். வெடிமருந்து அறைக்குள் இரும்பு போகக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். ஆணி, சாவி, செருப்பில் அடித்த லாடம் எதுவும் கூடாது, பித்தளையும் மரமும்தான். இரும்பு உரசினால் பொறி, பொறி விழுந்தால் எல்லோரும் சாம்பல். வாசலில் நின்று ஒவ்வொருவர் மடியையும் உதறச் சொல்லிப் பார்த்து அனுப்புகிறவன் நான். இத்தனை வருடத்தில் என் பொறுப்பில் ஒரு விபத்து கிடையாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அறுபத்தொன்று தீபாவளி சீசன் முடிந்ததும் அண்ணாச்சி தூத்துக்குடித் துறைமுகத்து ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் படகை எடுத்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார். அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஆமத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் நிரம்பி மறுகால் போய்க்கொண்டிருந்தது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும் ஏஜெண்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கரிசல் காட்டு நடுவே மோட்டார் படகு என்று ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எந்திரம் எங்கே இருந்தாலும் எந்திரம்தான்.

படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடுகிற மோட்டார் அது. மேலே எஞ்சின். அதிலிருந்து ஒரு தண்டு தண்ணீருக்குள் இறங்கும். அடியில் பல்சக்கரப் பெட்டி, அதன் வாலில் மூன்று இதழ்க் காற்றாடி. பெட்டியின் அடித் திருகைக் கழற்றினேன். எண்ணெய் வரவில்லை. புளித்த மோர் மாதிரி வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ வழிந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து மாதக்கணக்கில் எண்ணெயோடு சேர்ந்து கடைபட்டிருக்கிறது. எவனோ ஒரு சோம்பேறி ஒரு ரப்பர் வளையத்தை மாற்றாமல் விட்டிருக்கிறான். மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். வளையத்தை மாற்றி, காற்று தங்காதபடி அடித் துளை வழியாகவே புது எண்ணெயை ஏற்றினேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நுழைந்தது கிடையாது.

ராக்கப்பன் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தான். அண்ணாச்சியின் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலை ஓட்டினவன். கிணற்றுக்குப் பம்புசெட் வந்த பிறகு வேலையில்லாமல் கிடந்தான். நீச்சல் தெரியும் என்று படகுக்கு ஆளாகப் போட்டார்கள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும், கைநாட்டு. புகையிலைச் சாற்றைக் கண்மாயில் துப்புவான், அந்தத் தண்ணீரையே அள்ளி வாய் கொப்பளிப்பான். படகு ஓடும்போது காற்றாடியில் அடிபட்டுக் கெண்டையும் விராலும் துண்டு துண்டாக மிதக்கும். அதையெல்லாம் பொறுக்கி இடுப்புத் துண்டில் முடிந்துகொள்வான். ரத்தமும் செதிலும் தொடை வழியாக வழியும். அந்தக் கையாலேயே ஸ்பேனரை எடுத்து எனக்கு நீட்டுவான்.

"பிட்டரய்யா, ரெண்டு துண்டு கொண்டு போறீகளா? வீட்ல கொளம்பு வைக்கச் சொல்லுங்க" என்பான். நல்ல மனசோடுதான் கேட்பான். அது எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

படகோடு ஒரு சாக்கில் இரண்டு காற்றாடிகள் வந்திருந்தன. இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான். நடுக்குடத்தில் பொறித்திருந்த இரண்டாவது எண் மட்டும் வேறு. ஒன்றில் பதின்மூன்று, மற்றதில் பதினொன்று. அதைப் பிட்ச் என்பார்கள். மரத்தில் திருகாணி இறங்குவது போல, காற்றாடி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்கிற கணக்கு. பதின்மூன்று என்றால் கூடுதல் தூரம், கூடுதல் வேகம். நான் பதின்மூன்றை மாட்டினேன்.

ஆறு ஏஜெண்டுகளோடு முதல் சவாரி. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டது, தணியவே இல்லை. எஞ்சின் முனகியது. கரும்புகை வந்து ஏஜெண்டுகளின் வெள்ளைச் சட்டையில் படிந்தது. அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராக்கப்பன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"மொதலாளி, சாலு பெருசா இருக்கு, மாடு முக்குது. பெரிய சால்ல தண்ணி நெறயத்தான் வரும். மாடு நடக்கணும்ல? அந்தா சாக்குல கெடக்கே, அந்த இன்னொண்ணப் போடச் சொல்லுங்க, ஓடும்."

சால் என்றால் கமலையில் மாடு இழுக்கிற தோல் வாளி. சீமையில் செய்த எந்திரத்தை அவன் அதோடு சேர்த்துப் பேசினான். ஏஜெண்டுகள் சிரித்தார்கள். "ஏலே சண்முகவேலு, அவன் சொல்றதத்தான் செஞ்சு பாரேன்" என்றார் அண்ணாச்சி. கரைக்கு வந்து பதினொன்றை மாட்டினேன். எஞ்சின் முழுச் சுற்றுக்கு வந்தது. முனகல் போய், புகை போய், படகு மூக்கைத் தணித்துத் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு பறந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். பாரம் கூடினால் பிட்ச்சைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. நான் வாய் திறப்பதற்குள் அவன் திறந்துவிட்டான். நடந்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு வருகிற விருந்தாளி எல்லோரிடமும் அண்ணாச்சி இதையே சொல்லிக்கொண்டிருந்தார். படித்த பிட்டர் மாட்டின காற்றாடியைக் கமலைக்காரன் கழற்றிப்போட்ட கதை. சீசன் ஆரம்பித்ததும் மருந்து அறை வாசலில் மடியை உதறுகிற பெண்களுக்கும் அது எட்டிவிட்டது. "பிட்டரண்ணே, சாலு பெருசா இருக்கா?" என்று முத்துமாரியம்மாள் கேட்பாள், பின்னால் நிற்கிற வரிசையே சிரிக்கும். எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? என்னுடைய சங்கடம் முழுக்கச் சுத்தத்தைப் பற்றியது.

இப்போது பின்னைப் பற்றிச் சொல்கிறேன். காற்றாடியைத் தண்டோடு பிடித்திருப்பது ஒரு சின்னப் பித்தளைப் பின். கொடியோ துணியோ சிக்கி இறுகினால் அது முறிந்துவிடும், காற்றாடி நின்றுவிடும், உள்ளே பல்சக்கரம் பிழைக்கும். முறிய வேண்டும் என்பதற்காகவே மென்மையான உலோகத்தில் செய்தது. மாசி மாதம் தண்ணீர் வற்ற வற்றத் தாமரைக் கொடி மேலே வந்தது. வாரத்துக்கு மூன்று பின் போனது. ஒவ்வொரு தடவையும் நான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் புதுப் பின் மாட்ட வேண்டும். அந்தக் கரையில்தான் ஊர் ஆட்கள் காலையில் ஒதுங்குவார்கள். என்னென்ன மிதந்து வந்து மேலே உரசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்தாலும் அந்த வாடை மூக்கை விட்டுப் போகாது.

அதனால் ஒரு இரும்புப் பின்னைக் கடைந்து மாட்டினேன். இனி முறியாது, இனி நான் இறங்க வேண்டாம். பதினான்கு வருடமாக வாசலில் இரும்பைத் தடுத்தவன், அன்று என் மடியிலேயே கொண்டு போனேன்.

மறுநாள் காலை படகில் நானும் ராக்கப்பனும் மட்டும். கொடி சுற்றி வேகம் குறைந்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். காற்றாடி நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை. "அணைச்சா மறுபடி எடுக்காது, ஓடட்டும், நீ அறு" என்றேன். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று அவன் கொடியை அறுத்தான். இடுப்புத் துண்டில் மீன் முடிச்சு. அவிழ்ந்த முனை காற்றாடிப் பக்கம் மிதந்துகொண்டிருந்தது. அறுத்து முடித்துவிட்டுக் காற்றாடிக் குடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"பிட்டரய்யா, பின்னு பித்தளயில்லையே. இரும்பால்ல இருக்கு? இது முறியாதேய்யா. பல்லுப் பூராம் போயிரும். நான் மொதலாளிட்டச் சொல்லிப் பித்தளயே வாங்கிருதேன், நீங்க வெசனப்படாதீக."

வெசனப்படாதீக என்று என்னைப் பார்த்துச் சொன்னான், ஐயா. மீன் ரத்தம் வழிகிற கையோடு.

கியர் விழுந்தது, காற்றாடி சுற்றியது. பித்தளைப் பின்னாக இருந்திருந்தால் துண்டு சுற்றி இறுகின கணமே முறிந்திருக்கும். துண்டு கிழிந்ததோடு போயிருக்கும். இரும்பு முறியவில்லை. துண்டைச் சுற்றி, அதோடு அவன் இடுப்பையும் உள்ளே இழுத்தது. எஞ்சின் ஒரு தரம் முனகியது, பிறகு சமாளித்துக்கொண்டது. பிட்ச் சரியாக இருந்ததால்தான் சமாளித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தண்ணீரில் மிதந்ததில் எது மீன், எது அவன் என்று பிரித்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

கியர் கட்டையைப் பிடித்து நிறுத்துகிற காடி தேய்ந்து கியர் தானாக விழுந்தது, விபத்து என்று நீங்கள் முடித்துவிட்டீர்கள். அவன் பெண்டாட்டி செல்லத்தாய்க்கு அண்ணாச்சி பேக்கிங்கில் வேலை போட்டுக் கொடுத்தார். அவள் மடியையும் நான்தான் தினமும் உதறச் சொல்லிப் பார்க்கிறேன். தலை குனிந்து வருவாள், "சாப்பிட்டீகளாண்ணே" என்று கேட்பாள். அதைக் கூட நான் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் அண்ணாச்சி படகுக்குப் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'ராக்கப்பன்' என்று எழுதச் சொன்னார். அதையும் பொறுத்தேன். ஆனால் நேற்று கேஸ் கட்டை மூடுவதற்காக உங்கள் ரைட்டர் அண்ணாச்சியின் வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். 'மேற்படி படகுக்குப் பொருத்தமான காற்றாடியைத் தேர்ந்தெடுத்தவன் இறந்துபோன ராக்கப்பன்' என்று அதில் இருக்கிறது. சர்க்கார் காகிதத்தில். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன்.

காடி தேயவில்லை, ஐயா. என் பராமரிப்பில் இருக்கிற எந்திரத்தில் எதுவும் தேயாது. கியரை நான்தான் தள்ளினேன். பின்னை மாற்றினபோதே இது எதற்கு என்று எனக்குத் தெரியும். இரண்டையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் அண்ணாச்சியின் வாக்குமூலத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, பதினொன்றை மாட்டச் சொன்னது சண்முகவேல் என்று திருத்தி எழுதுங்கள்.