மாடியில் இருப்பது யார் என்பதற்கு நான் சொன்ன சொல்

நான் தச்சுப்பட்டறைக்காரர் மனைவி. வயது ஐம்பத்தொன்று. பட்டறையின் பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, பழைய செய்தித்தாள்களை வைத்து நானாகவே படிக்கக் கற்றுக்கொண்டேன். தினமும் கடவுளை வேண்டிக்கொண்டு அன்று நடந்ததைக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைப்பது வழக்கம். ஆகவே நாளும் நேரமும் சரியாகவே சொல்கிறேன்.

சென்ற மாதம் நான்காம் தேதி எங்கள் மாடியறையை அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் வாடகைக்கு விட்டோம். அவர் வலது காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். கேட்டதற்கு, "ஈய எழுத்துத் தட்டு கால்ல விழுந்துடுச்சும்மா. அரசாங்க அறிக்கை ஒண்ணு என் பாதத்துல முழுசா அச்சாயிருக்கு" என்று சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பொண்ணே என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அரசாங்கம் மூன்று வருடமாகத் தேடுகிற, மலைக்காரன் என்று சுவரொட்டிகளில் போட்டிருந்த போராளித் தலைவர் அவர்தான் என்பதும், அது குண்டு பட்ட கால் என்பதும் பிற்பாடு காவல் நிலையத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அன்று முதல் அந்தப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அதன் பிறகு புதன்கிழமை பத்து நாற்பதுக்கு, மின்சார மீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். மீட்டர் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, குனிந்தால்தான் தெரியும். அவர் குனியாமலே நோட்டில் எழுதினார். அதை அப்போதே பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

அதன் பிறகு அவர், "மாடியில ஆள் இருக்காங்களா? ஒயர் பாக்கணும்" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மரம் வாங்கப் போயிருந்தார். மாடிக் கதவின் தாழ்ப்பாளோ நாலு நாளாக ஆடிக்கொண்டிருந்தது. வயசுப் பெண் தனியாகப் படுத்திருக்கிறாள் என்று முன்பின் தெரியாத ஆணிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, "அவங்க மேல படுத்திருக்காங்க, உடம்பு சரியில்ல, அப்புறமா வாங்க" என்றேன். "எழுந்து நடமாட முடியுதா?" என்றார். "ரெண்டு நாளா முடியல, கஞ்சியே நான்தான் கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றேன். "பத்திரமாப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வெந்நீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். "யாரும்மா வந்தது?" என்றாள். "மீட்டர் பாக்கறவன். மேல ஆம்பளை இருக்கற மாதிரி ஒரு போடு போட்டு அனுப்பிட்டேன்" என்றேன். "சரியான ஆளும்மா நீங்க. எங்க வீட்டுக்காரரையே தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க" என்று சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பதினொன்று இருபத்தைந்துக்குப் போலீஸ்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு பேர் என்னைச் சமையலறை வாசலில் பிடித்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்கள். "ஒத்தைப் பொண்ணுய்யா" என்று கத்தினேன். ஒரு கை என் வாயைப் பொத்தியது. கதவைத் தட்டிய சத்தமோ, பேர் சொல்லிக் கூப்பிட்ட சத்தமோ கேட்கவில்லை. ஏழு வெடி கேட்டது. அதன் பிறகு மீட்டர்காரராக வந்தவர் முதலில் இறங்கி வந்து, "ஏம்மா, பொம்பளைன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டார். கொடியில் கிடந்த போர்வையை எடுத்து அவளை மூடிக் கொண்டுபோனார்கள். "அது இன்னும் காயலய்யா, குளிரும்" என்று சொன்னேன்.

அதன் பிறகு அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நேற்று என்னைக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வாங்கிப் படித்தேன். "அவன் மேலே படுத்திருக்கிறான்" என்று நான் சொன்னதாக எழுதியிருந்தது. "நான் அவங்கன்னுதானே சொன்னேன்?" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் அதிகாரி. "இல்லீங்க. அவன்னா ஆம்பளை. அவங்கன்னா யாரு வேணா இருக்கலாம்" என்றேன். மீட்டர்காரராக வந்தவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு கம்பிக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரரைக் காட்டினார்கள். உதடு வீங்கியிருந்தது. "ஒரு எழுத்துதானே, போட்டுட்டு வா, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். முப்பது வருடத்தில் அவர் கேட்டு நான் மறுத்தது இது ஒன்றுதான். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீதிமன்றத்தில் நடுவர் ஐயா முன் இன்று இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் வீடு திரும்புவது தங்கள் கையில் இல்லை என்று காவல் நிலையத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்துதான் சொல்கிறேன்.

இதை எழுதும் எழுத்தர் என் சொல்லை 'அவர்கள்' என்று எழுதினார். அது பல பேர் ஆகிவிடும் என்று சொல்லி, அடித்து, நான் சொன்னபடியே எழுத வைத்தேன். ஒரு பொண்ணு மட்டும்தான் இருக்கா என்று அன்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவளுக்குக் காவலாக இருக்கட்டும் என்றுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். கேட்டவர்கள் அதை யாராக எடுத்துக்கொண்டார்கள் என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும். முதல் வரியிலிருந்து இதுவரை நானே படித்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது நடந்தபடி.

அடித்தல் ஒன்று. கையெழுத்து இரண்டு இடத்தில்.

(ஒப்பம்)
தச்சுப்பட்டறைக்காரர் மனைவி