உச்சியில் காத்திருப்பவன்

ஜெர்மனியில் விற்கிற சைக்கிள்களில் முன் பிறேக் இடது கையில் இருக்கும். எங்களூரில் அது வலது கையில். வந்த புதிதில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கொலோனில் இருக்கிற எங்கள் ஆட்களில் பாதிப் பேராவது முதல் வருடத்திலேயே ஒரு தரம் சைக்கிளின் தலைக்கு மேலாகப் பறந்து விழுந்திருப்பார்கள். பின் பிறேக் என்று நினைத்து இடது கையை இறுக்குவார்கள். முன் சில்லு நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார்.

நானும் அப்படி விழுந்தவன்தான். தோள் எலும்பு உடைந்தது. பிறகு சைக்கிள் திருத்துவதே என் தொழிலாகிவிட்டது என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குக் கூட வந்த என் சிநேகிதன் டக்ளஸ் சிரிக்கவில்லை. என் சைக்கிளை ஒரு பக்கமும் தன் சைக்கிளை மறுபக்கமும் உருட்டிக்கொண்டு, வைத்தியசாலை வரைக்கும் என் நடைக்கு ஏற்ற மாதிரி நடந்து வந்தான். அவன் வழக்கமாக நடக்கிற வேகம் எனக்குத் தெரியும். அன்று அதில் பாதிகூட இல்லை.

டக்ளசும் நானும் மன்னாரில் ஒரே கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். அவன் எனக்கு முதல் ஜெர்மனிக்கு வந்தான். அகதி விண்ணப்பம் அவனுக்கு முதலில் சரிவந்தது. அறை எடுத்து, அதில் எனக்கும் ஒரு கட்டில் போட்டுவிட்டுக் காத்திருந்தான். சைக்கிள் கடையில் ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்து வந்து சொன்னவனும் அவன்தான். கலியாணத்தைக்கூட எனக்கும் ஏதாவது பொருந்தட்டும் என்று தள்ளிப்போட்டான். எனக்கு ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் என்னிடம் மன்னிப்புக் கேட்பவன் போலத்தான் டொறத்தியைக் கட்டினான். இதில் எதையும் குறையாகச் சொல்லவில்லை. டக்ளஸ் நல்லவன். கொலோனில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மலைச் சைக்கிள் ஒரு பெரிய மோகமாக இருந்தது. தடித்த ரயர், நேரான ஹான்டில், சேறு. கடையில் கழித்துப் போட்ட சட்டங்களை வைத்து இரண்டு சைக்கிள் பூட்டினேன், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் ரைன் கரையில் இருக்கிற குன்றுகளுக்குப் போவோம். ஏழுமலை என்று ஜெர்மன்காரர் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரமான இலையும் வேரும் நிறைந்த பாதைகள். இறங்கும்போது பிறேக்கை இரண்டு விரலால் மட்டும் பிடிக்கவேண்டும், வலது பின், இடது முன் என்று அவனுடைய கைகளுக்கு நான்தான் பழக்கினேன். செபமாலை சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொண்டே இறங்குவான். கெட்டிக்காரன், சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு ஊர்க்கை, அந்தப் பழைய பிறேக் பழக்கம், அவனுக்கு ஒருபோதும் திரும்பி வரவில்லை. இதைக் கவனித்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

ஏற்றத்தில் அவன்தான் எப்போதும் முன்னால். நான் மூச்சுத் திணறிக்கொண்டு ஒரு வளைவில் திரும்பும்போது, மேலே ஒரு காலை ஊன்றியபடி நின்று கையைக் காட்டுவான்.

"ஆறுதலா வா, மச்சான். நான் நிக்கிறன்."

அவசரமில்லை, மெதுவாக வா என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் போய்ச் சேர்ந்ததும் வாழைப்பழத்தில் பாதியை நீட்டுவான். என் மூச்சு அடங்கும் வரைக்கும் தனக்கும் களைத்ததுபோலப் பாவனை செய்வான். எனக்காக ஒருவன் உச்சியில் காத்திருப்பதைக் கீழேயிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதைவிடப் பெரிய காரணம் எதையும் நீங்கள் எதிர்பார்த்தால், மன்னிக்கவேண்டும், என்னிடம் இல்லை. டொறத்தி மீது எனக்கு ஆசையென்று யாராவது நினைத்தால் அது அவளுக்கு அவமரியாதை.

ஒரு குளிர்காலம் முழுக்க நான் தனியாகப் பழகினேன். டக்ளசுக்குச் சொல்லவில்லை. அடுத்த வசந்தத்தில் அகதிகளுக்கான நீலப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காரில் பிரான்சின் தெற்குக்குப் புறப்பட்டோம். கடலைப் பார்த்தபடி மலைகள் இருக்கின்றன, அங்கே மழையே பெய்யாது என்று கடைக்கு வருகிற ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். பாரிசில் டொறத்தியின் உறவினர் வீட்டில் தங்கி, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு, அடுத்த நாள் போய்ச் சேர்ந்தோம். புறப்பட முன் இரண்டு சைக்கிளுக்கும் புதுவகைப் பிறேக் பூட்டியிருந்தேன். பழையதை இறுக்கிப் பிடிக்கவேண்டும். இதை விரல் தொட்டாலே போதும்.

அழகான இடம் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தக்கை மரக்காடு. பட்டை உரித்த அடிமரங்கள் பச்சைப் புண் நிறத்தில் நின்றன. பாதையெல்லாம் சரளைக் கல். சில்லு மிதித்த செடிகளிலிருந்து மருந்துக்கடை வாசம் வந்தது. இடையிடையே மரங்களுக்கு நடுவால் கடல் தெரிந்தது. மன்னார்க் கடல் மாதிரி இல்லை என்று டக்ளஸ் சொன்னான். இல்லைத்தான்.

அன்றைய ஏற்றம் நீளமானது. பாதி வழியில் நான் அவனை முந்தினேன். சப்பாத்து நாடா கழன்றுவிட்டது என்று இறங்கி நின்றான். நான் நிற்கவில்லை. உச்சிக்கு முதலில் நான் போய்ச் சேர்ந்தேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு காலைக் கல்லில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் மிகவும் சந்தோசமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி இன்னொரு நேரம் இருந்ததாக நினைவில்லை.

டக்ளஸ் வளைவில் திரும்பி வந்தான். பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். பாட்டுக்கு மூச்சு வேண்டும். நெற்றியில் வியர்வை இல்லை. சப்பாத்தைப் பார்த்தேன். அதில் நாடா இல்லை, ஒட்டுகிற பட்டிதான் இருந்தது. அந்தச் சப்பாத்தை வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன்.

"நான் சொன்னனான் எல்லோ, உனக்கு ஏலுமெண்டு," என்றான்.

அவன் முகத்தில் இருந்த சந்தோசம் பொய்யில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் நான் கோபப்படவில்லை. வாழைப்பழத்தில் பாதி வாங்கிச் சாப்பிட்டேன்.

இறக்கத்துக்கு முன் இரண்டு சைக்கிளையும் நான் சரிபார்ப்பது வழக்கம். அவன் டொறத்திக்குக் காட்டக் கடலைப் படம் எடுக்கவேண்டும் என்று கமராவோடு பாறையடிக்குப் போனான். பிறேக் கேபிள்கள் இரண்டையும் பிடிகளிலிருந்து கழற்றி, வலதில் இருந்ததை இடதிலும் இடதில் இருந்ததை வலதிலும் கொழுவினேன். அதற்குக் கருவி தேவையில்லை, சட்டைப் பொத்தான் பூட்டத் தெரிந்த விரல்கள் போதும். எங்களூரில் எல்லாச் சைக்கிளும் அப்படித்தான் இருக்கும் என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். எதையும் நான் அறுக்கவில்லை. எதையும் கெடுக்கவில்லை.

முதலாவது வளைவு செங்குத்தாக இறங்கித் திரும்புகிறது. அவன் முன்னால் போனான், வழக்கம்போல. வேகத்தைத் தணிக்க, பின் பிறேக் என்று நம்பி, வலது கை விரல் இரண்டையும் மடக்கியிருப்பான். நான் பழக்கினபடி.

போய்ப் பார்த்தேன். கழுத்து ஒருபக்கம் திரும்பியபடி சரளைக்குள் கிடந்தான். மூச்சு இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. சைக்கிள் கொஞ்சம் தள்ளிக் கிடந்தது. முன் சில்லு நெளிந்திருந்தாலும் கேபிள்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவற்றைத் திரும்பவும் ஜெர்மன் முறைக்கே மாற்றிக் கொழுவினேன். பிறகு உதவிக்கு ஆள் கூட்டிவர அவனைக் கடந்து இறங்கிப் போனேன். இறக்கத்தில் அவனை முந்தியது அதுதான் முதல் தடவை. கீழே கிராமத்துக் கடையில் தொலைபேசி இருந்தது.

பிரெஞ்சுப் பொலிஸ் சைக்கிளைப் பார்த்தது. ஒரு குறையும் இல்லை. நான் விளங்கப்படுத்தினேன்: எங்கள் நாட்டில் பிறேக் மறுபக்கம், பதற்றத்தில் பழைய பழக்கம் வந்துவிடும், பின் பிறேக் என்று நினைத்து இடது கையை இறுக்கியிருப்பான். தலையாட்டினார்கள். கொலோனில் இன்னும் சுலபம். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் விழுந்த கதை ஒன்று இருந்தது. தானும் ஒருமுறை அப்படித்தான் ட்ராம் தண்டவாளத்தில் விழுந்தேன் என்று மகேந்திரராஜா அண்ணை கண்ணீரோடு சொன்னார். ஊர்க்கை விடாது என்று ஆளுக்காள் பெருமூச்சு விட்டார்கள். நான் பொய் சொன்னது ஒரேயொரு தடவைதான். மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

டக்ளசுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் இயங்காது. வலது கையில் இரண்டு விரல் மட்டும் மெல்ல மடங்கும். பேச்சு இருக்கிறது, சத்தம் குறைவு. டொறத்தி வேலைக்குப் போகவேண்டும். அதனால் நான் கடையில் பாதிநேர வேலைக்கு மாறி, மதியத்தில் அவனைப் பார்க்கிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் முன்வந்தேன். எங்கள் ஆட்கள் யாத்திரை போகிற கேவலார் மாதாவின் திருவிழாவுக்குச் சக்கர நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போனபோது சனம் விலகி வழிவிட்டது. தமிழ்ச் சங்கத்து ஒன்றுகூடலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என்னைக் காட்டி, அலோசியஸ் அண்ணை இல்லாவிட்டால் நாங்கள் நடுத்தெருவில் என்று டொறத்தி ஒலிவாங்கியில் சொல்லி அழுதாள்.

சைக்கிளை நேராக்கிப் பூட்டி, மினுக்கி, அவன் படுக்கிற அறையில் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். யன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று கட்டிலைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டேன். அவனுக்கு உற்சாகமாக இருக்கும் என்று டொறத்தியும் நம்புகிறாள். தண்ணீர் கேட்டால் கொடுப்பேன், ஆனால் உடனே அல்ல. "ஆறுதலா இரு, வாறன்," என்று குசினியிலிருந்து சொல்வேன். மூக்கில் ஈ இருந்தால் சுளிப்பான். நான் பேப்பரை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். ஒரு மனிதனுக்குக் காத்திருக்கவும் தெரியவேண்டும்.

போன கிழமை தேநீர் பருக்கிக்கொண்டிருந்தபோது அவன் வாயை மூடிக்கொண்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

"வலது கை, மச்சான். நான் பிடிச்சது வலது கை."

தேநீர் ஆறுகிறது, குடி என்றேன்.

"நீ திருப்பி மாத்தினதைப் பாத்துக்கொண்டுதான் கிடந்தனான்."

டொறத்தியிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லையாம். பொலிசுக்கும் இல்லையாம். நானாக வந்து சொல்வேன் என்று இருந்தானாம். அவன் குரலில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"ஏனெண்டு மட்டும் சொல்லு. இப்ப வேண்டாம். ஆறுதலா சொல்லு. நான் நிக்கிறன்."

அவனுடைய கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவனுக்கு நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்குச் சொல்வதில் தடையில்லை, நீங்கள் எனக்காக எங்கேயும் காத்திருந்ததில்லை. நாளைக்கும் போவேன். கதவைத் திறக்கும்போது அவன் முகம் என்னைப் பார்த்தபடிதான் இருக்கும், நேற்றும் அப்படித்தான் இருந்தது. அவன் அங்கே காத்துக்கொண்டிருக்கிறான் என்பதற்காக, நான் இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தமில்லை.